போட்டிக்கு முந்தின ராத்திரி கம்புக்கு எண்ணெய் போட்டவன் கதை

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து:

முதல் சிலம்பப் போட்டிக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. எதைச் செய்யக் கூடாது என்று வேண்டுமானால் சொல்லலாம். செய்து பார்த்தவன்.

வயது 36. மாட்டுத் தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் கேரள எல்லையில். வீட்டில் ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை தமிழில். வாத்தியார் சொல்லிக்கொடுப்பது கொப்பரை காயப்போடும் களத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். முதல் மூன்று மாதம் கம்பைத் தொடவே விடவில்லை. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் முக்கோணம் போட்டு, அதன் மேல் காலடி, காலடி, மறுபடியும் காலடி. கடையில் மூட்டை எண்ணும்போதுகூட என் கால் தானாக முக்கோணம் வைக்கும். முதலாளி ஒரு மாதிரி பார்ப்பார்.

அப்புறம் ஒரு நாள் கல்மூங்கில் ஒன்றைக் கணு சீவி, நெருப்பில் வாட்டி நேராக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். தரையில் ஊன்றி நின்றால் என் புருவத்தில் வந்து முட்டியது. அதுதான் அளவு.

கம்பு கைக்கு வந்த நேரம் ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று எங்கள் களத்தில் கம்பைப் பிடுங்கப் பார்க்கும். மேற்கே பார்த்து நின்று வீசினால் ஒரு கனம், கிழக்கே திரும்பினால் வேறு கனம். என் சிநேகிதன் களரிக்குப் போகிறவன். அவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுடையது குழிக்களரி, 42 அடிக்கு 21 அடி, தரைக்குக் கீழே தோண்டியது. அதற்குள் காற்று எட்டிக்கூடப் பார்க்காது. அவன் கெட்டுகாரி என்கிற களரி நெடுங்கம்பைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து நான் வாத்தியாரிடம் புலம்பினேன். "காத்து உனக்கு ஓசியில கெடைச்ச எதிராளி தம்பி, விட்டுடாதே" என்றார்.

போட்டி ஆவணியில், பொள்ளாச்சிப் பக்கம். தனியாக நின்று சுற்றிக் காட்டும் ஒற்றைக் கம்பு வீச்சு, எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை இரண்டுக்கும் பெயர் கொடுத்திருந்தேன். முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை. சும்மா கிடப்பதற்குக் கம்பையாவது கவனிப்போம் என்று உட்கார்ந்தேன். மூங்கில் காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய் போடுவார்கள், அது சரிதான். ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே போட்டு, ஊறவிட்டு, பழந்துணியால் பத்து தடவை துடைக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. தலைக்குத் தேய்ப்பது போலத் தேய்த்தேன். குழல்விளக்கு வெளிச்சத்தில் கம்பு பாம்பு மாதிரி மின்னியது. எவ்வளவு சந்தோஷம்!

காலை எட்டு மணிக்கு வரச்சொன்னார்கள். கூப்பிட்டது இரண்டரைக்கு. அதுவரை சுற்றிலும் குழந்தைகள், முந்நூறு பேர் இருக்கும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்த பிறகு பெற்றோர்களின் ஆர்வம் எங்கேயோ போய்விட்டது. பால்பல் விழாத பொடிசுகள் இரட்டைக் கம்பு சுற்றுகிறதுகள். நான் பயத்தில் நாலு பன் தின்றேன்.

உள்ளே தகரக் கூரை மண்டபம். காற்று என்ற பேச்சே இல்லை. ஆடி முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டிய கைக்குக் கம்பு திடீரென்று எடையே இல்லாதது போல ஆகிவிட்டது. கை ஓடுகிற வேகம் எனக்கே பிடிபடவில்லை. உள்ளங்கையில் வியர்வை, அதற்கடியில் எண்ணெய். முதுகுக்குப் பின்னால் கை மாற்றும் இடத்தில் கம்பு என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனது. நேராக நடுவர் நாற்காலிக்கு அடியில். ஏழு வயசு இருக்கும், ஒரு பாப்பா ஓடிப்போய் எடுத்துவந்தாள். கொடுப்பதற்கு முன்னால் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு, "மாமா, கம்பெல்லாம் எண்ணெய்ங்க" என்றாள். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது.

வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், கைநிறைய மண்ணை அள்ளிக் கம்பு முழுக்கத் தேய்த்து, தன் துண்டால் துடைத்தார். புதுத் துண்டு அது. தொடுமுறையில் தலைக்கவசம், மார்புக் கவசம் எல்லாம் மாட்டி இறங்கினேன். எதிரில் இடக்கைப் பையன். தோற்றேன். ஆனால் அவன் உள்ளே வந்தபோது கால் தானாக முக்கோணத்தின் மூன்றாவது முனைக்கு நகர்ந்தது, என் கம்பு அவன் தோளைத் தொட்டது. ஒரே ஒரு தொடு.

களியக்காவிளையிலிருந்து:

எண்ணெய்க் கதையைப் படித்துச் சிரித்தேன், என் கதை அதைவிட மோசம். எங்கள் பக்கம் வாத்தியார் இல்லை, ஆசான். நான் படித்தது அடிமுறை, குமரிப் பக்கத்துச் சண்டைக் கலை. கம்பு வந்தால் விலகாமல் உள்ளே நுழைந்து கை வைப்பதுதான் எங்களுக்குப் பாடம். போட்டிக்குப் போகிறேன் என்றதும் ஆசான், "தொட்டு எண்ணுற ஆட்டத்துக்கு நீ சரிப்பட மாட்டே மக்கா" என்றார். கேட்டிருக்கலாம். முதல் சுற்றிலேயே உள்ளே நுழைந்தேன், இடக்கை தானாகப் போய் எதிராளியின் கம்பைப் பிடித்துவிட்டது. விசில். இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது விசிலுக்கு நடுவர் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். போட்டிக்கு என்று தனியாக மூன்று மாதம் பழகியிருக்க வேண்டும், அதுவும் இடக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு.

நகரியிலிருந்து:

எங்கள் ஊரில் பாதிப் பேர் இதைத் தெலுங்கில் கர்ர சாமு என்பார்கள், வீட்டில் நாங்கள் சிலம்பம் என்போம். தொடுமுறைக்கு எடைப்பிரிவு உண்டு என்பதை யாரும் எழுதவில்லையே. ஒரு கிலோ கூடுதலாக இருக்கிறேன் என்று இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன், காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை. அங்கே போய் ஏறி நின்றால், அவர்கள் எந்திரம் எங்கள் தெருக்கடை எந்திரத்தைவிட ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டுகிறது. பட்டினி கிடந்திருக்கவே வேண்டாம். கண் இருட்டிக்கொண்டு வந்தது, கம்பு இரண்டாகத் தெரிந்தது. அம்மா தறியை விட்டுவிட்டு எனக்காக வந்திருந்தாள். நான் தோற்றதைப் பற்றிப் பேசவில்லை, பஸ் ஏறும்வரை இட்லி ஊட்டினாள். அது சரி, வேலந்தாவளம் அண்ணா, அந்தக் கம்பு இன்னும் இருக்கிறதா?

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து:

இருக்கிறது. அடுத்த போட்டி தையில். தேங்காய் எண்ணெய் டப்பாவை அம்மா எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.