டக் ஃப்ளூட்டியின் பெருமை அந்த ஒரே எறிதலால் வந்ததா?

கேள்வி:
பாஸ்டன் கல்லூரிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய டக் ஃப்ளூட்டியைச் சிறுவயது முதல் நெஞ்சில் வைத்துப் போற்றி வருகிறேன். ஐந்தடி பத்து அங்குல உயரமே உள்ள அவரைப் பெரிய கல்லூரிகள் பொருட்படுத்தாத நிலையில், அவர் 1984-இல், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருதை வென்றது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. மயாமி பல்கலைக்கழக அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி எறிதல்தான் அவருக்கு எல்லாப் புகழையும் தந்தது என்கிறார்களே, அது சரியா?

பதில் 1:
இல்லை ஐயா. 1984 நவம்பர் 23 அன்று, ஆறு விநாடிகளே எஞ்சியிருக்க, 45-41 எனப் பின்தங்கிய தம் அணிக்காக அவர் பின்வாங்கி, வலப்புறம் ஓடி எறிந்த பந்து, தடுப்பாளர்களின் தலையைத் தாண்டி எல்லைக்கோட்டருகே சக வீரர் ஜெரார்ட் ஃபீலனின் கைகளில் விழுந்து வெற்றி தந்தது உண்மைதான். ஆனால் அதே ஆட்டத்தில் அவருடைய எறிதல்கள் மொத்தம் 472 கெஜம் முன்னேற்றம் தந்திருந்தன. கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டப் பிரிவில், எறிதலில் 10,000 கெஜத்தைக் கடந்த முதல் வீரரும் அவரே. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பதில் 2:
கனடாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஆறு முறை சிறந்த வீரராகத் தேர்வு பெற்று, அதன் வாகையர் பட்டமான கிரே கோப்பையை மூன்று முறை வென்றார். பிறகு அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.-இல், 2006 ஜனவரி 1 அன்று, 43 வயதில், பந்தைத் தரையில் துள்ளவிட்டு உதைத்துப் புள்ளி எடுத்தார். 1941-க்குப் பிறகு அதுவரை அந்தக் கூட்டமைப்பில் எவரும் அதைச் செய்திருக்கவில்லை.