உச்சிக்கு 600 மீட்டர் ஏற்றம்: 6 வயசுப் பையன், 2 வயசுப் பாப்பாவோட போகலாமா?

கேள்வி:
பாதை போக 4.5 கி.மீ., அதே வழியில் திரும்பணும். ஏற்றம் 600 மீட்டர். கூட்டம் நிறைய வரும் இடம். கடைசி அரை கிலோமீட்டர் பாறையும் சரளையும். பையன் நடப்பான், பாப்பாவை சட்டம் வெச்ச முதுகுப்பையில் உட்கார வெச்சுத் தூக்கணும். பெரியவங்க ரெண்டு பேர். எப்ப கிளம்பணும்? எதெல்லாம் சிக்கலாகும்?

பதில் 1:
மலை ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு கணிக்கிற நெய்ஸ்மித் கணக்கைப் போடுங்க: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்க பாதைக்கு ஏறவே கிட்டத்தட்ட 2 மணி நேரம் வருது. அது நிற்காம நடக்கிற பெரியவங்களுக்கு. 6 வயசுக்கு இரட்டிப்பாக்கி 4 மணி நேரம்னு வெச்சுக்கோங்க, இறங்க 3. காலை 6 மணிக்கு நடக்க ஆரம்பிச்சா 10 மணிக்கு உச்சி. 11 ஆனா எங்க இருந்தாலும் திரும்பிடணும்னு முந்தின நாளே பையன்கிட்ட சொல்லிடுங்க. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது முடிவெடுத்தா யாருக்கும் திரும்ப மனசு வராது. மலையில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான்.

பசிக்குதுன்னு அவன் சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. முக்கால் மணிக்கு ஒருதரம் ரெண்டு வாய் தின்பண்டம், நாலு மடக்குத் தண்ணி.

பதில் 2:
பாப்பா விஷயத்துல எல்லாரும் கோட்டை விடுற இடம் குளிர். தூக்குறவருக்கு வேர்த்துக் கொட்டும். அசையாம உட்கார்ந்திருக்கிற குழந்தை விறைச்சுப் போகும். 600 மீட்டர் ஏறினாலே சுமார் 4 டிகிரி குறையும், மேல காத்து வேற. கால் தொங்கிட்டே இருக்கிறதால பாதம் முதல்ல சில்லிடும். அரை மணிக்கு ஒருதரம் பாதத்தையும் பிடரியையும் தொட்டுப் பாருங்க, மணிக்கு ஒருதரம் இறக்கி நடக்க விடுங்க. பருத்தித் துணி நனைஞ்சா காயாது, உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்க.

குழந்தை 12 கிலோ, பை 3 கிலோ. அதுவே போதும், மத்த சுமையெல்லாம் இன்னொருத்தர் முதுகுல. பையைச் சமதரையில் மட்டும் இறக்கி வைங்க, பாறை மேல வெச்சா கவிழும். தாழ்ந்த கிளையில குனியும்போது உங்க தலை தப்பும், பாப்பா தலை இடிக்கும்.

கேட்டவர்:
பாறைப் பகுதியில் பையனை என் இடுப்போட கயிறு கட்டிக்கலாமா?

பதில் 3:
வேண்டவே வேண்டாம். பாறையில் நங்கூரம் போடாத கயிறு, ஒருத்தர் வழுக்கினா ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போகும். ஏறும்போது அவனுக்குப் பின்னாடி, இறங்கும்போது முன்னாடி, எப்பவும் ஒரு கை தூரம் கீழ நில்லுங்க. அந்த வேலை முதுகுல பாப்பா இல்லாதவரோடது. கையை ஊன்றி ஏற வேண்டிய இடம்னா பாப்பாவோட இருக்கிறவர் அதுக்குக் கீழேயே நின்னுடலாம். முதுகுச் சுமை பின்னாடி இழுக்கும், காலடியும் சரியா தெரியாது.

கூட்டத்துக்கு வழிவிடும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீங்க, மலைப் பக்கம் ஒட்டி நில்லுங்க. வளைவுகளை வெட்டிக் குறுக்கே இறங்க விடாதீங்க, உருளுற கல் கீழ் வளைவுல வர்றவங்க மேலதான் விழும்.

இறக்கத்துலதான் பிள்ளைகள் அதிகம் விழும், தொடை ஏற்கெனவே ஓய்ஞ்சிருக்கும். இறங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பையனோட ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்க. இல்லன்னா விரல் முன்னாடி இடிச்சு நகம் கன்றிப்போகும். கழுத்துல ஒரு விசிலும் மாட்டுங்க: தொலைஞ்சா நின்ன இடத்துலயே நின்னு நிமிஷத்துக்கு 6 தரம் ஊதணும், ஒரு நிமிஷம் விட்டு மறுபடி.