பதிவு மென்பொருளைப் புதுப்பித்தபின் நிகழ்வு நேரங்கள் பொருந்தவில்லை: உதவி தேவை

ஆய்வு மாணவி, தக்கலை

அனைவருக்கும் வணக்கம். எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் எழும் மின்சமிக்ஞைகளைப் பதிவு செய்ய எங்கள் ஆய்வகத்தில் ஓபன் எஃபிஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். 0.5 பதிப்பில் ஒழுங்காக ஓடிய என் பைத்தான் நிரல், 0.6 பதிப்பில் எடுத்த பதிவுகளுக்குப் பொருளற்ற விடைகளைத் தருகிறது. விநாடிக்கு 30,000 மாதிரிகள் (அளவீடுகள்) என்பதால், 'டைம்ஸ்டாம்ப்ஸ்' கோப்பில் உள்ள எண்களை 30,000-ஆல் வகுத்து விநாடியாக மாற்றுவது வழக்கம். இப்போது 12-ஆவது நிமிடத்தில் விளக்கு எரிந்த நிகழ்வு 0.024 விநாடியில் நடந்ததாக வருகிறது. எந்த உள்ளீட்டுத் தடத்தில் நிகழ்வு நடந்தது என்று சொல்லும் 'சேனல் ஸ்டேட்ஸ்' என்ற கோப்பையே காணவில்லை. இவை போதாதென்று, கேமரா அனுப்பும் மின்துடிப்புகளை வேறொரு தரவு சேகரிப்புக் கருவி வழியாக எடுக்கிறோம். ஒரு மணி நேரப் பதிவின் இறுதியில் அவை மூளைச் சமிக்ஞையோடு ஒத்துப்போகாமல் விலகி நிற்கின்றன. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா?

நிரலாளர், மார்த்தாண்டம்

அக்கா, திரும்ப வேண்டாம். 2022-இல் வந்த 0.6 பதிப்பில் கோப்புகளின் பெயரும் பொருளும் மாறியிருக்கின்றன. உங்கள் தரவுக்கு எந்தப் பழுதும் இல்லை. முன்பு 'டைம்ஸ்டாம்ப்ஸ்' என்ற பெயரில் இருந்தவை உண்மையில் மாதிரி எண்கள், அதாவது முழு எண்கள். அவை இப்போது 'சாம்பிள் நம்பர்ஸ்' என்ற கோப்பில் இருக்கின்றன. 'டைம்ஸ்டாம்ப்ஸ்' என்ற பெயர் விநாடியில் அளந்த தசம எண்களுக்குப் போய்விட்டது. உங்கள் நிரல் 720 விநாடியை மீண்டும் 30,000-ஆல் வகுத்ததால்தான் 0.024 வந்தது.

'சேனல் ஸ்டேட்ஸ்' இப்போது வெறும் 'ஸ்டேட்ஸ்'. உள்ளடக்கம் பழையபடிதான்: 3-ஆம் தடத்தின் மின்னழுத்தம் எழுந்தால் +3, இறங்கினால் −3. பழைய பதிவுகளையும் புதியவற்றையும் ஒரே நிரலில் படிக்க வேண்டுமானால், ஒவ்வொரு பதிவோடும் வரும் 'ஸ்ட்ரக்சர்' கோப்பில் மென்பொருளின் பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து நிரல் கிளை பிரியட்டும். கோப்பின் பெயரை மட்டும் நம்பிக் கிளை பிரித்தால் மறுபடியும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

மின்னணுவியல் ஆசிரியர், நாகர்கோவில்

தம்பி சொன்னது சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு, விநாடியை 30,000-ஆல் பெருக்கி அலைவடிவத்தை வெட்டி எடுக்கலாம் என்று மாணவி எண்ணிவிடக் கூடாது. மாதிரி எண் கருவி ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து எண்ணப்படுகிறது. பதிவுப் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து அல்ல. சமிக்ஞை நிலைபெறும்வரை 2 நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுப் பதிவைத் தொடங்கினால், கோப்பின் முதல் மாதிரியின் எண்ணே 36,00,000 ஆக இருக்கும். 12-ஆவது நிமிட நிகழ்வின் எண் 2,16,00,000. இதிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் கிடைக்கும் 1,80,00,000 என்பதே தொடர்தரவுக் கோப்பில் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம். ஒரே கருவியின் அலையை வெட்டுவதற்கு எப்போதும் மாதிரி எண்ணையே கொள்ளுங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடுவதற்குத்தான் விநாடி.

கேமராத் துடிப்பு விலகுவதற்குக் காரணம் வேறு. இரண்டு கருவிகளின் உள்ளே இருக்கும் படிகக் கடிகாரங்கள் ஒருபோதும் முற்றிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 10 லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லிவிநாடி விலகிவிடும், நரம்பணுக்களின் துடிப்பை ஆராய்பவருக்கு அது பெருந்தொலைவு. ஓர் ஆர்டுயினோ பலகையிலிருந்து (நிரலால் இயங்கும் சிறு மின்னணுப் பலகை) ஒரே துடிப்பை இரண்டு கருவிகளின் எண்முறை உள்ளீட்டுக்கும் கொடுங்கள். இரண்டும் எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருளில் பதிவைக் கவனிக்கும் பகுதியான ரெக்கார்டு நோடில் இரண்டு தரவோடைகளுக்கும் அந்தத் தடத்தையே ஒத்திசைவுத் தடமாகத் தேர்ந்தெடுத்து, அடையாளங்கள் பச்சை நிறத்துக்கு மாறிய பின்பே பதிவைத் தொடங்குங்கள். பச்சைக்குக் காத்திராமல் அவசரப்படுபவர்களே பெரும்பாலும் பிற்பாடு இங்கே வந்து கேள்வி கேட்கிறார்கள். துடிப்புகளின் இடைவெளி சீரற்றதாக இருப்பது நல்லது. இடையில் ஒரு துடிப்பு தவறினாலும், இடைவெளிகளின் வரிசையைக் கொண்டே எது எதனோடு சேரும் என்று பிறகு கண்டுபிடிக்கலாம்.

ஆய்வு மாணவி, தக்கலை

மிக்க நன்றி ஐயா, நன்றி தம்பி. முதல் மாதிரி எண்ணைக் கழித்துப் பார்த்தேன். விளக்கு எரியும் கணத்தில் மின்முனைகளில் தோன்றும் சிறு குத்து இப்போது நிகழ்வுக்கோட்டின் மேலேயே விழுகிறது. ஒத்திசைவுக் கம்பியை நாளை இணைத்துப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். ஐப்பசி மழையில் இங்கே மின்சாரம் அடிக்கடி போகிறது. மடிக்கணினி மின்கலத்தில் ஓடினாலும் பதிவுக் கருவி அணைந்துவிடுகிறது. மீண்டும் தொடங்கிய பிறகு நிகழ்வு எண்கள் முன்னதைவிடக் குறைவாக வருகின்றன. இரண்டு துண்டுகளையும் இணைக்கலாமா?

மின்னணுவியல் ஆசிரியர், நாகர்கோவில்

எண்களைக் கொண்டு இணைக்க இயலாது. பதிவை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் அதே 'எக்ஸ்பெரிமென்ட்' கோப்புறைக்குள் அடுத்த 'ரெக்கார்டிங்' உருவாகும், மாதிரி எண்ணும் தொடர்ந்து ஏறும். கருவியே நின்று மீண்டும் ஓடினால் 'எக்ஸ்பெரிமென்ட்' எண்ணே கூடிவிடும், மாதிரி எண் சுழியத்திலிருந்து தொடங்கும். இரண்டையும் தனித்தனி அமர்வுகளாகவே கருதுங்கள்; இடையில் கழிந்த நேரம் வேண்டுமானால் கேமராவின் பதிவிலிருந்து எடுங்கள், அது நிற்காமல் ஓடியிருந்தால்.

கருவிக்கு இன்வெர்ட்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால், சதுர அலை தரும் மலிவான வகையை வாங்காதீர்கள். அதன் 50 ஹெர்ட்ஸ் அலை 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகளாக மேலே ஏறி, நரம்பணுத் துடிப்பைத் தேடும் 300 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதிக்குள்ளும் புகுந்துவிடும். பிறகு 50 ஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டிப் பயனில்லை. கருவி ஏற்கும் மின்னழுத்தமுள்ள நேர்மின்னோட்ட (டிசி) மின்கலம் ஒன்றை நேரடியாக இணைக்க முடிந்தால் இன்வெர்ட்டரே வேண்டாம்.

நிரலாளர், மார்த்தாண்டம்

மின்தடையின்போது பாதியில் நின்ற பதிவை அழித்துவிடாதீர்கள் அக்கா. தொடர்தரவுக் கோப்பு தலைப்பு ஏதுமற்ற 16 பிட் முழு எண்களின் வரிசை என்பதால், எழுதப்பட்ட இடம் வரையிலான மாதிரிகளைப் படித்துவிடலாம். மைக்ரோவோல்ட்டாக மாற்றும் பெருக்கெண்ணை 'ஸ்ட்ரக்சர்' கோப்பிலிருந்தே எடுங்கள். எலியின் தலையில் பொருத்தும் பெருக்கிப் பலகை (தலைமேடை) இன்டான் நிறுவனச் சில்லு கொண்டதாக இருந்தால் அது 0.195 என்றிருக்கும்.