மறு: மின்மடையா, தொலைமடையா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி ஆய்வகக் கையேட்டின் தமிழாக்கம் ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. கணினிக்குப் பக்கத்தில் போகாமல், வலையமைப்பு வழியாகவே அதற்குக் கரண்ட் கொடுக்கவும் நிறுத்தவும் பயன்படும் கருவிக்குப் பெயர் வேண்டும். இந்த இழையில் வந்த பரிந்துரைகளையெல்லாம் படித்துவிட்டேன். என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்த 'மடை'தான் (குளத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிடும் வாய்) சரியான அடிச்சொல். ஆனால் அவர் சொன்ன 'மின்மடை'யைவிட 'தொலைமடை' நல்லது. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கருவியைப் பார்க்காதவர்களுக்காக: சர்வர் ரேக்கின் பின்பக்கம் மாட்டியிருக்கும் நீளமான சாக்கெட் பெட்டி இது. கடைக்காரர்கள் பிடியூ என்பார்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சுவிட்சை விரலால் தட்ட வேண்டும். இதில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் உள்ளே ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உண்டு, பெட்டிக்கு ஒரு நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. ஓர் ஐபி முகவரி கொடுத்துவிட்டால், பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஏழாம் சாக்கெட்டை அணைக்கலாம். பிரவுசர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வழி), எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளை நிர்வகிக்கும் நெறிமுறை) எது வழியாகவும் கட்டளை போகும். நிர்வாக மென்பொருளில் இதை அமைக்கும்போது கேட்கிற கேள்விகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கருவி என்ன வகை, முகவரி என்ன, பயனர் பெயர், கடவுச்சொல், இந்தக் கணினி எத்தனையாவது சாக்கெட்டில் செருகியிருக்கிறது. கடைசிக் கேள்வியில்தான் கவனம் வேண்டும். 3 என்று எழுத வேண்டிய இடத்தில் 8 என்று எழுதினால், தேர்வு நடந்துகொண்டிருக்கும் சர்வர் பட்டென்று அணைந்துவிடும். தொங்கிப்போன கணினியோ தொங்கியபடியே கிடக்கும்.

இந்தப் பகுதியைத் தமிழில் யார் படிப்பார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் படிப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையமே தண்ணீருக்குள் நின்றது. சர்வர் அறை மாடியில் பத்திரமாக இருந்தாலும் அங்கே போய்ச் சேர வழியில்லை. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் விட்டு விட்டு வரும்போது, கணினிகளைத் தொலைவிலிருந்தே அணைத்து வைக்கவும், நிலைமை சீரானபின் ஒவ்வொன்றாக எழுப்பவும் இந்தக் கருவிதான் கைகொடுக்கும். அதை அமைக்கப் போகிறவர் வள்ளியூரிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு கல்லூரியின் ஆய்வக உதவியாளர். கையேடு அவருக்குப் புரிய வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

'மின்திறன் கட்டுப்படுத்தி' என்று ஒரு பரிந்துரை வந்தது. பவர் என்ற சொல்லுக்குப் பாடநூலில் திறன் என்று இருக்கிறது என்பது காரணம். பாடநூல் சரிதான், ஆனால் அது வாட்டில் அளக்கிற திறன். அலைபேசிக் கோபுரம் தன் அலைபரப்பின் வலுவைக் கூட்டிக் குறைக்கிறதே, அது திறன் கட்டுப்பாடு. நம் கருவி எதையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. விடும், அல்லது நிறுத்தும். இங்கே பவர் என்றால் கணினிக்கு வந்து சேர்கிற மின்சாரம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், மின்னியல் படித்த பையன் இந்தச் சொல்லைப் பார்த்து வேறொன்றைப் புரிந்துகொள்வான்.

'தொலைநிலை மின்வழங்கல் கட்டுப்பாட்டுச் சாதனம்' பொருளில் குற்றமில்லாதது. ஆனால் மெனுவில் ஒரு பொத்தானுக்குள் அடங்காது. அதிலிருந்து வினையும் பிறக்காது. கலைச்சொல்லுக்கு நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: அதை வைத்து அடுத்த ஐந்து சொல்லைச் செய்ய முடிகிறதா? விளக்கம் போன்ற சொல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்து நண்பர் தந்த 'தொலையாளி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி என்று நெடுங்காலமாக வழங்குகிறது. கட்டான சொல். இரண்டு தடைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆளி என்று முடிந்தால் தொழிலாளி, படைப்பாளி என்று ஆளைத்தான் நினைப்பார்கள். அதைக்கூடப் பழக்கத்தில் சரிசெய்துவிடலாம். பெரிய தடை வேறு. சர்வர் அறையில் ஏற்கெனவே நெட்வொர்க் சுவிட்ச் என்ற ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 'மேலே இருக்கிற சுவிட்சை அணை' என்று தொலைபேசியில் சொன்னால் எதை அணைப்பது? ஆளி என்று மாற்றினாலும் அதே குழப்பம் தமிழில் தொடரும்.

இனி மடை. குளத்து மடையில் நடப்பதும் இந்தப் பெட்டியில் நடப்பதும் ஒரே வேலை. பெரிய கொள்ளளவு ஒன்று பின்னால் நிற்கிறது. அதிலிருந்து பல வாய்கள் பிரிகின்றன. எந்த வாயை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதைப் பொறுப்பான ஒருவர் முறை வைத்துச் செய்கிறார். கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. நீண்ட நேரம் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது எல்லாச் சாக்கெட்டையும் ஒரே நொடியில் திறந்தால், ஒவ்வொரு பவர் சப்ளையும் தன் மின்தேக்கிகளை நிரப்ப முதல் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எல்லாம் சேர்ந்து பிரேக்கரைத் தட்டிவிடும். அதனால்தான் இந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சில நொடி இடைவெளி வைக்கும் வசதி இருக்கிறது. மடைகளை முறை வைத்துத் திறப்பது என்றால் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீரே மின்சாரமாகிக்கொண்டிருக்கிறது. இந்தச் சீமையில் நீரின் சொல்லை மின்சாரத்துக்கு எடுப்பது யாருக்கும் அந்நியமாக இருக்காது.

தூத்துக்குடி அக்கா ஒரு மறுப்பு எழுதியிருந்தார்கள். கோயில் கொடையில் சுடலைமாடனுக்குப் படைப்பதையும் மடை என்றுதானே சொல்கிறோம் என்று. உண்மைதான், மடைப்பள்ளியும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழில் புதிதல்ல, கூட்டுச்சொல்லானதும் குழப்பம் தீர்ந்துவிடும். எனக்குக் கவலை தந்தது வேறு. மின்மடை, மின்தடை: ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மின்தடை என்பது நாளிதழில் தினமும் வருகிற சொல். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவதற்கும் அதுதான், மின்னியலில் ஓம் கணக்கில் அளப்பதற்கும் அதுதான். பதிவேட்டில் 'மின்மடை 4' என்று இருப்பதை இரவு நேரத்தில் ஒருவர் 'மின்தடை 4' என்று படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். அண்ணாச்சி மன்னிக்க வேண்டும், இந்தக் காரணத்துக்காகத்தான் 'மின்'னை எடுத்துவிட்டுத் 'தொலை'யைப் போடச் சொல்கிறேன். தொலைபேசி, தொலைநகல், தொலைமடை. மின்சாரம் என்பது இடத்தைப் பார்த்தாலே விளங்கும். தொலைவிலிருந்து இயக்குவது என்பதுதான் இந்தக் கருவியைச் சாதாரணப் பெட்டியிலிருந்து பிரிக்கிறது, அது பெயரிலேயே இருக்கட்டும்.

இப்போது என் சோதனைக்கு வருகிறேன். சாக்கெட் ஒவ்வொன்றும் மடைவாய். எந்த மடைவாயில் எந்தக் கணினி என்று எழுதி வைப்பது மடைப்பட்டியல். கருவியின் வகை மடைவகை. வினைகள் திறத்தல், அடைத்தல். 'பவர் சைக்கிள்' என்பதைச் சிலர் மறுதொடக்கம் என்று போட்டிருந்தீர்கள், அது கூடாது. மறுதொடக்கம் இயங்குதளம் தானாகச் செய்வது, அதில் மின்சாரம் போவதே இல்லை. பவர் சைக்கிளில் மின்சாரம் போய்த் திரும்ப வருகிறது. 'அடைத்துத் திறத்தல்' என்று எழுதினால் நடப்பது அப்படியே தெரிகிறது.

அணைப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, இயங்குதளத்திடம் சொல்லி, கோப்புகளை மூடி, ஒழுங்காக நிறுத்துவது. மற்றது, கேள்வி கேட்காமல் கரண்டை வெட்டுவது. கணினியின் முகப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்துவதற்கும் நான்கு நொடி அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம் பக்கம் விளக்கை 'அமத்து' என்று சொல்வோமே, அந்த அமர்த்தல் முதல் வகைக்கு அழகாகப் பொருந்தும். இரண்டாவது அடைத்தல். தரவுத்தளம் ஓடுகிற கணினியில் முதலில் அமர்த்தல், அதற்கு அசையாவிட்டால்தான் அடைத்தல் என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

தென்காசித் தம்பி முக்கியமான ஒன்றைக் கேட்டிருந்தார்: சர்வருக்கு உள்ளேயே இருக்கும் பிஎம்சியும் இதே வேலையைச் செய்கிறதே, அதையும் தொலைமடை என்பதா? ஆமாம், அது உள்மடை. ரேக்கில் மாட்டியிருப்பது வெளிமடை. பிஎம்சி என்பது தாய்ப்பலகையில் தனியாக உட்கார்ந்திருக்கும் சிறு கணினி. சர்வர் அணைந்திருந்தாலும் காத்திருப்பு மின்சாரத்தில் விழித்தே இருக்கும். இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி நான்கும் சேர்ந்து 1998இல் கொண்டுவந்த ஐபிஎம்ஐ நெறிமுறையில் பேசும், யுடிபி 623ஆம் போர்ட்டில் கேட்கும். 2015இல் வந்த ரெட்ஃபிஷ் என்ற நெறிமுறை அதே வேலையை ஹெச்டிடிபிஎஸ் வழியாகச் செய்கிறது. உள், வெளி என்று பிரிப்பதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. உள்மடை தானே தொங்கிப்போனால் அதை எழுப்ப வெளிமடையால்தான் முடியும், ஏனென்றால் காத்திருப்பு மின்சாரத்தையும் சேர்த்து நிறுத்துவது அது ஒன்றுதான். பவர் கார்டு பிடுங்கப்பட்டால் சர்வரோடு உள்மடையும் செத்துவிடும், வெளிமடை அப்போதும் பதில் சொல்லும்.

அடுத்தது 'ஃபென்சிங்'. வேலியிடல் என்று போட்டவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், அதை மாற்றுங்கள். இரண்டு சர்வர்கள் ஒரே சேமிப்புத் தட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. நடுவில் நெட்வொர்க் அறுந்துபோகிறது. ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தட்டில் எழுதத் தொடங்கினால் தரவு நாசம். அதனால் ஒன்று மற்றதன் மின்சாரத்தை முதலில் நிறுத்தி, நின்றதை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே வேலையை எடுத்துக்கொள்கிறது. இதில் வேலி எங்கே இருக்கிறது? இது மடையடைப்பு. உறுதி கிடைக்காவிட்டால் பிழைத்த சர்வர் வேலையை எடுக்காமல் காத்திருக்கும், அப்படிக் காத்திருப்பதுதான் சரி. 'மடையடைப்பு உறுதியாகவில்லை' என்று பிழைச்செய்தி வந்தால் படிப்பவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். 'வேலி தோல்வி' என்று வந்தால் தெரியாது.

இரட்டைப் பவர் சப்ளை உள்ள சர்வர்களுக்குக் கையேட்டில் தனிப் பத்தி வேண்டும். இரண்டு வெளிமடைகளில் தலா ஒரு வாய் என்று செருகியிருப்போம். முதல் வாயை அடைத்துத் திறந்து, பிறகு இரண்டாவதை அடைத்துத் திறந்தால், சர்வர் ஒரு நொடிகூட அணையாது. இரண்டையும் அடைத்த பிறகுதான் இரண்டையும் திறக்க வேண்டும்.

கரண்ட் திரும்பி வந்ததும் சர்வர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்புக்கு மூன்று தேர்வுகள்: எப்போதும் எழு, எப்போதும் அணைந்திரு, முன்பிருந்தபடி இரு. இதற்குப் புதுச்சொல் வேண்டாம், இப்படியே எழுதிவிடலாம். அணைந்திருக்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேன் முறையில் போகும் 102 பைட் செய்திக்கு 'எழுப்புமடல்' போதும். அது எழுப்பத்தான் செய்யும், அடைக்காது, எழுந்ததா என்று பதிலும் தராது. அதனால் அதை மடைக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு தொலைமடையை மாணவர்கள் பயன்படுத்தும் அதே வலையமைப்பில் விட்டுவைத்திருக்கும் ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன். ஐபிஎம்ஐ 2.0இல் பயனர் பெயர் தெரிந்தாலே அவருடைய கடவுச்சொல்லின் ஹாஷை (கடவுச்சொல்லை ஊகித்துச் சரிபார்க்க உதவும் உருமாறிய வடிவம்) வெளியிலிருந்து கேட்டு வாங்க முடியும். நெறிமுறையின் அமைப்பே அப்படி. ஆகவே கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, தொலைமடைகளுக்கு என்று தனி விலேன் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த வலையமைப்பு) வேண்டும். இந்த எச்சரிக்கை கையேட்டின் பின்னிணைப்பில் ஒளிந்துகொள்ளாமல் முகவரி நிரப்பும் பெட்டிக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

1930களில் நெல்லையில் இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அறிவியல் பாடங்களுக்கான கலைச்சொற்களைத் துறை துறையாகத் திரட்டிய ஊர் இது. அவர்கள் செய்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் இதையும் நினைக்கிறேன்.

திரையில் இப்படி வரும்:

தொலைமடை அமைப்பு
மடைவகை: வெளிமடை (எஸ்என்எம்பி)
முகவரி:
பயனர் பெயர்:
கடவுச்சொல்:
மடைவாய் எண்:
[நிலை பார்] [திற] [அமர்த்து] [அடை] [அடைத்துத் திற]

'அமர்த்து' பொத்தான் வெளிமடையில் வேலை செய்யாது, அங்கே அதை மங்கலாகக் காட்ட வேண்டும். அண்ணாச்சி, மடைவாய் என்பதை அம்பாசமுத்திரம் பக்கம் இந்தப் பொருளில்தான் சொல்கிறார்களா, அல்லது வேறு சொல் புழங்குகிறதா என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். பதில் வந்ததும் மூன்றாம் பகுதியை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து