மலை ஏற கில்ட்: வெல்க்ரோவை நம்பலாமா?

கெடிலக்கரையான் (கடலூர்) கேட்கிறார்:

எனக்கு வயது 51. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, அச்சகத்தில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நான்கு பேர் மலை ஏறப் போவோம். செஞ்சி, பர்வதமலை, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் என்று ஏதாவது ஒன்று. கால்சட்டைதான் என் எதிரி. ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தால் வியர்வையில் ஊறி, தொடை இடுக்கில் தோல் உரிந்துவிடும். மறுநாள் அச்சகத்தில் காலை அகட்டிக்கொண்டு நிற்பேன். பவுடர், தேங்காய் எண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

அதனால் இணையத்தில் மலையேறுபவர்களுக்கென்று விற்கிற கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற, முழங்கால் வரை வரும் கொசுவ உடை) ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். மெல்லிய செயற்கை இழைத் துணி. வீட்டுத் தராசில் 340 கிராம் காட்டியது. மனைவி பார்த்துவிட்டு, "இதற்கு ரெட்டைச் சடையும் பின்னிக்கொள்ளுங்கள்" என்றாள்.

போன மாதம் அதை அணிந்துகொண்டு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி ஏறினேன். பாதி தூரம் வரை சொர்க்கம்தான். காற்று தாராளமாகப் புகுந்தது, முட்டி தடையில்லாமல் மடங்கியது. உச்சிக்குக் கீழே பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம் இருக்கிறதல்லவா, அதை நெருங்கும்போது உயரமான படி ஒன்றில் காலைத் தூக்கி வைத்தேன். 'பர்ர்' என்று ஒரு சத்தம். இடுப்பில் ஒட்டுகிற வெல்க்ரோ பட்டை முழுவதும் பிரிந்து கில்ட் கணுக்காலில் கிடந்தது. உள்ளே பட்டாப்பட்டி, அதுவும் பழையது. "குரங்கு மட்டும்தான் பார்த்தது" என்று நண்பர் ஆறுதல் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாவே நின்றுகொண்டிருந்தது.

விற்ற இடத்தில் கேட்டால் அளவு தவறு என்று என் வயிற்றைக் குறை சொல்கிறார்கள். இதைச் சரிசெய்ய முடியுமா, அல்லது புதிதாகவே தைத்துக்கொள்ளலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிவீட்டுப் பிள்ளை (குறிஞ்சிப்பாடி):

ஐயா, 3,200 ரூபாயா! எங்கள் ஊர் கைத்தறி லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் அதுதான் கில்ட். வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் வேட்டியோடு ஏறி இறங்குகிறார்கள், அதுவும் வெறுங்காலோடு. யாருக்கும் எதுவும் பிரிந்து விழவில்லை. நமக்கு எதற்கு ஸ்காட்லாந்து?

முத்தியால்பேட்டை தையல்காரன் (புதுச்சேரி):

தம்பி, லுங்கியைக் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டில் நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் முதுகில் பத்து கிலோ மூட்டையோடு லுங்கி கட்டி ஏறிப் பாருங்கள். மூட்டையின் இடுப்புவார் சரியாக முடிச்சின் மேல் வந்து உட்காரும். முடிச்சு வயிற்றை அழுத்தும், அரை மணிக்கு ஒருமுறை தளரும். அவிழ்த்துக் கட்ட வேண்டுமென்றால் மூட்டையை இறக்க வேண்டும். மடித்துக் கட்டியதால் முன்பக்கம் துணி இரட்டை, வியர்வை பட்டால் காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். புதர் வழியாகப் போனால் ஊரில் உள்ள நாயுருவி எல்லாம் நூலில் தொங்கும்.

எனக்கு இதில் எப்படி அனுபவம் என்று கேட்கலாம். ஆரோவில் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கிழிந்த கில்ட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதேபோல் இரண்டு வேண்டும்" என்றார். மாதிரியைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அதன் சூட்சுமம் விளங்கியது. கில்ட் பாவாடை இல்லை. முன்னால் மடிப்பே இல்லாத இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், மேல் மடல் வலப்பக்கம் வந்து முடியும். கொசுவம் முழுவதும் பின்பக்கம். இடுப்பிலிருந்து பிட்டம் வரை அந்தக் கொசுவத்தை அழுத்தித் தைத்துவிட்டு, கீழே திறந்து விட்டிருப்பார்கள். காலை எட்டி வைக்கும்போது பின்னாலிருந்து துணி விரிந்து கொடுக்கும், முன்பக்கம் விலகாது. லுங்கியில் இல்லாத சங்கதி இதுதான்.

ஸ்காட்லாந்தின் பழைய முறையில் ஒரு கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி வரை போகும். ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. நம் சித்திரை வெயிலில் அதை அணிந்தால் ஆள் வெந்துவிடுவான். மலையேறும் கில்ட்டுக்கு நாலரை மீட்டர் போதும். 58 இஞ்ச் அகலத் துணியில் இரண்டேகால் மீட்டர் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைத்தால் கணக்குச் சரியாக வரும். இப்படி மெல்லிய செயற்கைத் துணியில் வெறும் இஸ்திரி மடிப்பை நம்ப முடியாது. ஒவ்வொரு கொசுவத்தின் விளிம்பிலும் ஒரு தையல் ஓட்ட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் துவைத்தாலும் மடிப்பு கலையாது.

இப்போது உங்கள் வெல்க்ரோவுக்கு வருகிறேன், ஐயா. வெல்க்ரோ பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால் உடனே விட்டுவிடும். நீங்கள் காலைத் தூக்கிக் குனிந்தபோது வயிறு முன்னே தள்ளி ஓரத்தை உரித்திருக்கிறது. வெல்க்ரோவின் குட்டிக் கொக்கிகளில் மண்ணும் நூலும் அடைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். முறையான கில்ட்டில் உள்மடலுக்குத் தனியாக ஒரு வார் உண்டு. அது இடுப்புப் பட்டியில் உள்ள ஒரு துளை வழியாக வெளியே வந்து இடப்பக்கம் கொக்கியில் மாட்டும். வெளிமடலுக்கு வலப்பக்கம் வேறு வார். ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். உங்கள் உருப்படியில் அந்த உள்வார் இருக்காது, பாருங்கள். பழைய பையிலிருந்து இரண்டு வாரும் கொக்கியும் எடுத்து எந்தத் தையல்காரரிடமும் கொடுக்கலாம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பை வார் குவியலாகக் கிடைக்கும்.

தொடை உரசலுக்குக் கில்ட் பாதி மருந்துதான். கால்சட்டையின் தையலும் ஈரத்துணியும் அறுப்பது நிற்கும். தோலோடு தோல் உரசுவது நிற்காது. பட்டாப்பட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பாதித் தொடை வரை வருகிற ஒட்டிய உள்கால்சட்டை ஒன்று போடுங்கள்.

இன்னொன்று. இரவு கூடாரம் அடித்து நெருப்பு மூட்டினால் கில்ட்டோடு பக்கத்தில் உட்காராதீர்கள். நைலானும் பாலியஸ்டரும் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அந்த நேரத்துக்குக் குறிஞ்சிப்பாடித் தம்பியின் லுங்கிதான்: துண்டு, போர்வை, உடை மாற்ற மறைப்பு, எல்லாம் அதுவே.

"நமக்கு எதற்கு ஸ்காட்லாந்து" என்றீர்கள், தம்பி. 1781 ஜூலை 1 அன்று உங்கள் பக்கத்து ஊர் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு நடந்த போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றது ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்களின் 73ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவு. அவர்களின் குழலிசைக்காரர் வாசித்ததைக் கேட்டு, தளபதி அயர் கூட் வெள்ளிக் குழலுக்கென்று 50 பவுண்டு கொடுத்தாராம். அப்போது அவர்கள் மலைநாட்டில் ஆண்கள் கில்ட் அணியச் சட்டப்படி தடை. 1746இல் போட்ட சட்டம், 1782இல்தான் நீங்கியது. படைவீரனுக்கு மட்டும் விலக்கு.

பின்னால் நடப்பவள் (புதுச்சேரி):

உள்கால்சட்டை பற்றித் தையல்கார அண்ணன் சொன்னதை நான் வழிமொழிகிறேன். செங்குத்தான படியில் உங்களுக்குப் பின்னால் ஏறுபவர்களின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கருப்பு நிறமாக இருக்கட்டும். கடற்கரையில் அணிவதாக இருந்தால் இருமடங்கு அவசியம். தேவனாம்பட்டினத்துக் காற்று குடையையே திருப்பிவிடும், 340 கிராம் துணி எந்த மூலைக்கு?

கெடிலக்கரையான் (கடலூர்):

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உள்வார் இல்லை என்பது உண்மைதான். மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல்காரர் முதலில் சிரித்தார், பிறகு பதிலைப் படித்துக் காட்டியதும் மேசையில் விரித்து அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு வார், 250 ரூபாய். நேற்று கேப்பர் மலைப் பக்கம் இரண்டு மணி நேரம் நடந்தேன். வேண்டுமென்றே இருபது முறை உட்கார்ந்து எழுந்தேன். அசையவில்லை. உள்கால்சட்டை போட்டிருந்ததால் தொடையும் தப்பித்தது. திரும்பும்போது பஸ் நடத்துனர் மட்டும் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒருமுறை கீழே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

குறிஞ்சிப்பாடித் தம்பிக்கு ஒரு கேள்வி. லுங்கித் துணியிலேயே அடுத்த கில்ட்டைத் தைக்கலாம் என்கிறார் மஞ்சக்குப்பத்துக்காரர். லுங்கியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரு பாதியிலும் ஒரு பக்கம் கரை இருக்கும். அதையே கீழ் விளிம்பாக விட்டால் மடித்துத் தைக்க வேண்டாமாம். ஆனால் கொசுவம் பிடித்த பிறகும் கட்டம் கலையாமல் தொடர வேண்டுமென்றால் ஒரு கட்டத்தின் அகலம் தெரிய வேண்டும் என்கிறார். உங்கள் தறியில் பெரிய கட்டம் எத்தனை இஞ்ச்?

தறிவீட்டுப் பிள்ளை (குறிஞ்சிப்பாடி):

மூன்று இஞ்ச் என்று நினைக்கிறேன், ஐயா. அப்பா தறியில் இருக்கிறார், இறங்கியதும் கேட்டுச் சொல்கிறேன். எதற்கு என்று கேட்டால்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.