பராகுவேயின் ஃபிலடெல்ஃபியா: போய்ப் பார்க்கலாமா?

தென்திசை:
வணக்கம். ஆகஸ்டில் வேலையாக பராகுவே தலைநகர் அசுன்சியோன் போகிறேன். முடிந்தபின் நான்கு நாள் கையில் இருக்கும். எல்லோரும் இகுவாசு அருவி என்கிறார்கள். எனக்கு சாக்கோ சமவெளிப் பக்கம் போக ஆசை. வரைபடத்தில் அதன் நடுவே ஃபிலடெல்ஃபியா என்று ஓர் ஊர் தெரிகிறது. பார்க்க என்ன இருக்கிறது? நான் சைவம், சமாளிக்க முடியுமா?

உவர்நீர்:
நிலத்தடி நீர் ஆய்வுக்காக அங்கே தங்கியிருந்தவன் என்பதால் சொல்கிறேன். 'பார்க்க' என்றால் ஒரு காலையில் முடிந்துவிடும். ஆனாலும் போங்கள்.

சோவியத் நாட்டிலிருந்து தப்பி வந்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் 1930-இல் முள்ளுக்காட்டில் உண்டாக்கிய ஊர் அது. ஆயுதம் எடுக்க மறுப்பது அவர்கள் கொள்கை. மென்னோனைட்டுகள் படையில் சேர வேண்டியதில்லை என்று பராகுவே 1921-லேயே சட்டம் போட்டிருந்தது. ஜெர்மனி வழியாக வந்தார்கள். அப்போது உதவிய ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் பெயரில் இன்றும் பெரிய வீதி உண்டு. தங்களுக்குள் ஒரு பழைய கீழ் ஜெர்மன் பேச்சு, தேவாலயத்தில் ஜெர்மன், வெளியாட்களிடம் ஸ்பானிஷ். பால் பண்ணை, சூப்பர்மார்க்கெட் என்று எதைத் தொட்டாலும் கூட்டுறவுச் சங்கம்தான்.

என்னைக் கேட்டால் அண்ணாந்து கூரைகளைப் பாருங்கள். அந்தப் பக்கம் கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். அதனால் வீட்டுக்கு வீடு கூரை ஓரமாகத் தகர வாய்க்கால் ஓடும்; மழை அதன் வழியாக நேரே தரையடித் தொட்டிக்கு. நான் தங்கிய வீட்டுக்காரர் முதல் மழையை உள்ளே விடவே மாட்டார். குழாயைத் திருப்பிவிட்டு, கூரைப் புழுதி கழுவிப் போகும்வரை நனைந்துகொண்டே நிற்பார். 'இந்தத் தொட்டி நிறைந்தால் எத்தனை மாதம் வரும்' என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மாடுகளுக்குத் தனியாகக் குளம் வெட்டியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'வெறுங்காட்டை ஊராக்கினோம்' என்ற பேச்சு அங்கே நிறையக் காதில் விழும். வெறுங்காடு இல்லை, என்ல்ஹெட், நிவாக்ளே பழங்குடி மக்களின் நிலம். இன்று அவர்களில் பலர் ஊர் ஓரத்துக் குடியிருப்புகளில் இருந்துகொண்டு கூலி வேலைக்கு வருகிறார்கள். காலையில் பிரதான வீதியில் நின்றாலே யார் வண்டி ஓட்டுகிறார், யார் பின்னால் ஏறி உட்கார்கிறார் என்று தெரிந்துவிடும். மாட்டுப் பண்ணைக்காக சாக்கோ முழுக்கக் காடு அழிகிற வேகம் தனிக் கதை. வடக்கே வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று காட்டுக்குள் வாழும் அயோரெயோ பழங்குடிக் குழுக்கள் இன்னும் இருக்கின்றன.

வண்டிச்சக்கரம்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு காலையில் முடிந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி கிடைத்தால் ஃபோர்த்தீன் போகெரோன் போங்கள். 1932-35 சாக்கோ போரில் பொலிவியாவோடு பெரிய சண்டை நடந்த இடம். அடிமரம் பானை வயிறாகப் பருத்த ஒரு மரத்தைக் குடைந்து, உள்ளே ஆள் ஒளிந்து சுட்டிருக்கிறார்கள். அந்த மரம் பார்க்கக் கிடைக்கும். அப்புறம் தகுவா என்ற காட்டுப்பன்றி மாதிரியான விலங்கு. புதைபடிவமாக மட்டுமே அறிந்திருந்த இனம் அது. 1970-களில்தான் உயிரோடு இருப்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது.

தென்திசை:
நன்றி! பயணம், சாப்பாடு?

உவர்நீர்:
அசுன்சியோனிலிருந்து சுமார் 450 கி.மீ., பேருந்து உண்டு. ஒரு பகல் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் நல்ல தேர்வு. ஜனவரி என்றால் வேண்டாம் என்றிருப்பேன், அங்கே அப்போது கோடை, வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் ஆகஸ்டில் வடக்குக் காற்று கிளம்பினால் கண்ணைத் திறக்க முடியாத புழுதி. காற்று மாறித் தெற்கிலிருந்து அடித்தால் அன்று ராத்திரியே ஸ்வெட்டர் தேடுவீர்கள். மதியம் கடைகளைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு சுத்தமாக அடைப்பு. சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டில் எங்கும் மாட்டிறைச்சிதான். உங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு, பாலாடைக்கட்டி, தயிர், வேர்க்கடலை. 'சோபா பராகுவாயா' என்று கேளுங்கள்: சோளமாவும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் முட்டையும் போட்டுச் சுட்ட கேக். முட்டை ஆகாது என்றால் விட்டுவிடுங்கள். சிலர் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.