கலைச்சொல் தேவை: அடித்து ஓட்டும் சைக்கிளுக்குத் தமிழில் என்ன பெயர்?

மு. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

சைக்கிள் பழுதுபார்க்கும் பயிற்சி வகுப்புக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓர் இயல் மட்டும் தலைப்பில்லாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'நாக்கபவுட்' என்று சொல்லும் சைக்கிளைப் பற்றியது அது. பந்தயத்துக்கோ மலைப்பாதைக்கோ அல்ல. வேலைக்குப் போக, சாமான் வாங்க, பிள்ளையைக் கூட்டிவர. எந்த உடையிலும் ஏறி உட்காரலாம். மழையில் நின்றாலும் சுவரில் உரசினாலும் உரிமையாளருக்குத் தூக்கம் கெடாது.

இப்போதைக்குப் 'பழைய சைக்கிள்' என்று போட்டு வைத்திருக்கிறேன். அது தவறாக வழிகாட்டும், ஏனென்றால் இந்த வேலைக்கென்றே புதிதாகச் செய்யப்படுபவையும் உண்டு. நூலில் ஒரு பட்டியலும் வருகிறது: பந்தயச் சைக்கிள், மலைச் சைக்கிள், அப்புறம் இது. அந்த வரிசையில் பொருந்தும் சொல்லாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
மு.

---

க. எழுதியது:

அம்மா, 'நாள்வண்டி' என்று வையுங்கள். சுருக்கமானது, புணர்ச்சியில் திரிபு எதுவும் இல்லை. நாளங்காடி, நாண்மகிழ் என்று 'நாள்' முன்னே நிற்கும் தொடர்கள் பழைய வழக்கிலேயே உண்டு.

'சைக்கிள்' பட்டியலில் வேண்டாம் என்பது என் கருத்து. 'மிதிவண்டி' பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதை விட்டுப் பின்னுக்குப் போவானேன்?

க.

---

வ. எழுதியது:

ஐயா, நாளங்காடியில் வரும் 'நாள்' பகற்பொழுதைக் குறிப்பது. அல்லங்காடி என்ற இரவுக் கடைக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது. அந்த வழியில் போனால் 'நாள்வண்டி' பகலில் ஓட்டும் வண்டி ஆகிவிடும். விளக்கு வைத்து இரவிலும் ஓட்டத்தானே இதை வாங்குகிறோம்?

வ.

---

சே. எழுதியது:

நான் வகுப்பு எடுப்பவன், தமிழ் படித்தவன் அல்ல. பெயருக்கு முன்னால் பொருளை முடிவு செய்துகொள்வோம். 'தினமும் ஓட்டுவது' என்பது இதன் இலக்கணம் ஆகாது. பந்தயக்காரரும் தினமும்தான் ஓட்டுகிறார். அதனால் 'நாள்', 'அன்றாடம்' இரண்டும் எனக்குப் போதவில்லை.

இந்த வண்டியை இந்த வண்டியாக்குவது, அது நம்மிடம் கேட்கும் கவனம் எவ்வளவு குறைவு என்பதுதான். ஒவ்வொரு பாகமும் அந்தக் கணக்கில் அமைந்திருக்கும்.

டயரில் தொடங்குங்கள். பந்தய வண்டிக்கு 25, 28 மி.மீ. அகலம் போதும், அதிக அழுத்தத்தில் காற்று வேண்டும், அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும். நம் வண்டிக்கு 37 முதல் 50 மி.மீ. வரை. காற்று கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பள்ளத்தில் ரிம் அடிவாங்காது, சரளையில் வழுக்காது. டயரின் பக்கத்தில் 37-622 என்பதுபோல அச்சடித்திருப்பார்கள். முன்னது அகலம், பின்னது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த 622 பரவலான அளவு என்பதால் டயர் தேடி அலைய வேண்டாம். எங்கும் கிடைக்கும் பாகம் என்பதும் இந்த வண்டியின் தகுதிகளில் ஒன்று.

அடுத்தது கியர். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும், வெளியே தொங்கும் டெரெய்லர் கியர், வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் வளையும். வளைந்தால் செயின் தாவும். ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுவிலுள்ள உருளைக்குள், அடங்கிய கியருக்கு அந்தப் பயம் இல்லை. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் AW என்ற மூன்று கியர் ஹப் 1930களில் வந்தது, அந்த அமைப்பு இன்றும் ஓடுகிறது. நடு கியர் நேரடி ஓட்டம். கீழ் கியர் அதில் 75 விழுக்காடு, மேல் கியர் 133 விழுக்காடு. நின்றுகொண்டே கியர் மாற்றலாம் என்பது சிக்னலில் நிற்கிறவருக்குப் பெரிய உதவி. மேடு இல்லாத ஊரென்றால் ஒற்றை கியரே போதும். மிதி ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஏறத்தாழ 5 மீட்டர் நகரும்படி பல்சக்கரங்களைத் தேர்ந்தால் தொடங்கவும் சிரமமில்லை, ஓட்டத்திலும் கால் பறக்காது. இன்னொரு நன்மை: இந்த இரண்டு வகையிலும் செயின் நேர்கோட்டில் ஓடும். அதனால் முழு செயின் கவர் போட முடியும். கவர் இருந்தால் மழையும் மண்ணும் செயினைத் தொடாது, வேட்டியிலும் புடவையிலும் கறை படாது.

பிரேக்கில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். குரோம் பூசிய இரும்பு ரிம்மும் ரப்பர் கட்டையும் மழையில் மோசமான சேர்க்கை. நனைந்தால் வண்டி நிற்க நெடுந்தூரம் பிடிக்கும். அலுமினிய ரிம் மேல். ஹப்புக்குள் இருக்கும் டிரம் பிரேக் இன்னும் மேல், ஏனென்றால் தண்ணீர் உள்ளே போகாது. விளக்குக்கு முன் ஹப்பிலேயே 6 வோல்ட், 3 வாட் டைனமோ இருந்தால் சார்ஜ் போட்டோமா என்ற கேள்வியே இல்லை. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் கூடவே வர வேண்டும். சக்கரத்தை நட்டு போட்டு முடுக்கியிருக்க வேண்டும். கையால் தட்டிக் கழற்றும் குயிக் ரிலீஸ் இருந்தால் பூட்டிவிட்டுப் போன இடத்தில் சக்கரம் இருக்காது.

இத்தனையும் சேர்ந்தால் எடை 15, 20 கிலோ வரும். அதைக் குறையாகவே எண்ணாதீர்கள். தோளில் தூக்கி மாடி ஏறுகிறவருக்கு மட்டும்தான் அது பிரச்சினை.

கடைசியாக, எனக்கு முக்கியமானது. பராமரிக்காத வண்டிக்கு இந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள். பெயின்ட் போயிருக்கலாம், பிரேக் கட்டை தேய்ந்திருக்கக் கூடாது. 'ஓட்டை வண்டி', 'டப்பா வண்டி' என்றெல்லாம் பெயர் வைத்தால் மாணவர்கள் தளர்ந்த பிரேக்கோடு வந்து 'இது அந்த வகைதானே' என்பார்கள்.

சே.

---

ந. எழுதியது:

சே. சொன்னதில் எனக்குப் புறநானூறு 102 நினைவுக்கு வந்தது. உப்பு வணிகர் வண்டியைப் பற்றி ஔவையார்:

"அவல் இழியினும் மிசை ஏறினும்
அவணது அறியுநர் யார் என உமணர்
கீழ்மரத்து யாத்த சேம அச்சு"

பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என்று எண்ணி, வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்தார்கள். எதற்கும் தயாராக இருப்பது என்ற கருத்து இதில் முழுதாக இருக்கிறது. ஆகவே 'சேமவண்டி'.

கூடவே ஒன்று. 'வண்டி' என்ற சொல்லையே கவனியுங்கள். பண்டி, பாண்டில் என்ற பழைய வடிவங்கள் உண்டு. பாண்டில் என்றால் வட்டமும் ஆகும், வண்டியும் ஆகும். தெலுங்கிலும் கன்னடத்திலும் பண்டி. வளை, வட்டம், வண்டி எல்லாவற்றுக்கும் 'வள்' என்பதே வேராக இருக்கும் என்பது என் துணிபு. அப்படிப் பார்த்தால் 'வண்டி' என்றாலே உருளுவது என்று ஆகிறது. 'உருளி' என்று தனியே எதற்கு? சைக்கிளை 'ஈருருளி' என்கிறவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும். பாண்டில் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ந.

---

க. எழுதியது:

"மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று, அதாவது சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் எளிதில் புலப்படாது என்று, தொல்காப்பியர் உரியியலில் சொன்னதை நினைவூட்ட விரும்புகிறேன். வேர் தேடும் ஆர்வம் நல்லது. வெள்ளிக்கிழமைக்குள் 'வள்' என்பதையும் 'பண்டி' என்பதையும் இணைத்து முடிக்க முடியாது.

சேமவண்டி அழகான சொல். பொருள்தான் ஒட்டவில்லை. சேம அச்சு உடைந்தால் மாட்டுவது. நாம் பேசுவது முதலில் கைக்கு வருகிற வண்டி. மாற்றாக ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறவருடைய இரண்டாவது வண்டிக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

க.

---

வ. எழுதியது:

பேச்சில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை ஏன் தேடக் கூடாது? 'எடுபிடி' இருக்கிறதே. எடுபிடி வண்டி. சொன்னவுடனே புரியும், சின்னச் சின்ன வேலைகளுக்கு ஓடுவது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. கேரியர், ஸ்டாண்டு என்று சே. சொன்ன எல்லாமே எடுபிடி வேலைக்கான உறுப்புகள்.

கேரியர் என்றதும் 475ஆம் குறள். "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். கேரியரில் அது தாங்கும் எடை பொறித்திருக்கும், பெரும்பாலும் 25 கிலோ. அந்த இடத்தில் இந்தக் குறளை மு. அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம். மாணவர்களுக்கு மறக்காது.

வ.

---

மு. எழுதியது:

குறள் சேர்கிறது, நன்றி. 'எடுபிடி' எனக்கு உறுத்துகிறது. 'எடுபிடி ஆள்' என்று சொல்லும்போது குரலில் ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. வகுப்பில் சேர்வோரில் பலருக்கு இருக்கும் ஒரே வண்டி இதுதான். அதற்கு இளக்காரத் தொனியில் பெயர் வைக்க மனம் வரவில்லை. 'அன்றாட'த்துக்கும் அருகில் 'அன்றாடங்காய்ச்சி' நிற்கிறது.

'புழங்கு' எப்படி? புழங்கும் பாத்திரம், புழங்கும் அறை என்கிறோம். எடுத்து வைத்துப் பாதுகாக்காமல் கையாளுவது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. பழசா புதுசா என்ற கேள்வி எழவில்லை, இழிவும் இல்லை. 'புழங்குவண்டி', அல்லது 'புழங்கு சைக்கிள்'.

மு.

---

க. எழுதியது:

நல்ல சொல், அம்மா. இலக்கணமும் இடம் தருகிறது. காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை. புழங்கிய, புழங்குகிற, புழங்கும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். 'குடிநீர்' என்பதில் நீர் குடிக்கப்படுவதுபோல வண்டி புழங்கப்படுகிறது. மிதிவண்டியும் அதே அமைப்புதான்.

ஓர் எச்சரிக்கை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. பட்டியலில் பந்தயச் சைக்கிள், மலைச் சைக்கிள் என்று இரண்டில் ஒற்று வரும். புழங்கு சைக்கிள் என்பதில் வராது. மெய்ப்புத் திருத்துபவர் சீராக்குகிறேன் என்று மூன்றாவதிலும் ச் போட்டுவிடுவார். 'மிதிவண்டி' என்றோ 'வண்டி' என்றோ முடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

க.

---

ந. எழுதியது:

புழங்குதலுக்கு முன்னே வழங்குதல் இருக்கிறது. "வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்" என்று 245ஆம் குறளில் வழங்குதல் என்பது இயங்குதல், உலவுதல். காற்று உலவுவதுபோலத் தடையின்றிப் போய்வரும் வண்டி, 'வழங்குவண்டி'. புழங்கு என்பது வழங்கின் திரிபாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூலம் இருக்கத் திரிபு எதற்கு?

ந.

---

சே. எழுதியது:

வழங்குவண்டி என்றால் என் மாணவர்கள் யாரோ வழங்கிய வண்டி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குறளில் என்ன பொருளோ, இன்று அது கொடுப்பதுதான்.

'புழங்கு' எனக்குச் சரி. கவனம் குறைவாகக் கேட்பது என்பதை அது நேராகச் சொல்லவில்லை, ஆனால் அதற்கு முரணாகவும் இல்லை. 'சைக்கிள்' போகக் கூடாது என்பதில் மட்டும் நான் விடமாட்டேன். செயின், ஹப், ரிம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு வண்டியின் பெயரை மட்டும் மாற்றினால் படிக்கிறவர் இரண்டு மொழியில் தடுமாறுவார். கை கிரீஸில் இருக்கும்போது பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற நூல் இது.

சே.

---

க. எழுதியது:

செயினுக்குச் சங்கிலி என்ற சொல் எல்லோரும் அறிந்தது. ரிம்முக்கு விளிம்பு, ஸ்போக்குக்கு ஆரக்கம்பி. இவற்றை எழுதினால் கிரீஸ் கையோடு புரட்டுகிறவருக்குக்கூடப் புரியும். நாம் எழுதாமல் இருந்துவிட்டு, புழக்கத்தில் இல்லை என்று சொல்வது எப்படி நியாயம்?

க.

---

வ. எழுதியது:

தொல்காப்பியரே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் செய்யுளுக்கு ஏற்றார், ஐயா. செய்யுளுக்கு ஆகும் என்றால் பழுதுபார்ப்புக் கையேட்டுக்கு ஆகாதா? ஈழத்தில் துவிச்சக்கரவண்டி என்று நெடுங்காலமாக எழுதுகிறார்கள். அதில் துவியும் சக்கரமும் வடசொல். தமிழர்தாம் எழுதுகிறார்கள், தமிழர்தாம் படிக்கிறார்கள். சங்கிலிக்கு நானும் கை தூக்குகிறேன். 'விளிம்பு' வேண்டாம். டயருக்கும் விளிம்பு உண்டு, மட்கார்டுக்கும் உண்டு. எந்த விளிம்பு என்று தெரியாமல் கம்பியைத் தவறான இடத்தில் முறுக்கிவிடுவார்கள்.

வ.

---

மு. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும், ஆகவே இப்படிச் செய்கிறேன்.

இயலின் தலைப்பு 'புழங்குவண்டி'. முதல் பத்தியில் "அடித்து ஓட்டுவதற்கென்றே உள்ள சைக்கிள்" என்ற விளக்கம் வரும். பட்டியலில் மூன்றையும் 'வண்டி' என்றே முடிக்கிறேன்: பந்தய வண்டி, மலை வண்டி, புழங்குவண்டி. ஒற்றுத் தொல்லை தீர்ந்தது. நூலுக்குள் பொதுவாகச் சைக்கிள்தான். சங்கிலி உண்டு, ரிம், ஹப், டயர் அப்படியே. சே. சொன்ன பிரேக் எச்சரிக்கையை இயலின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுகிறேன்.

மு.

---

க. எழுதியது:

தலைப்புக்கு என் இசைவு. நூலுக்குள் 'சைக்கிள்' என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்கிறேன். இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

க.

---

வ. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. 'புழங்கு' என்பதை வீட்டில் எதற்கும் சொல்லலாம். வேலைக்கு ஓடுவது என்ற பொருள் அதில் இல்லை. எடுபிடியில் இளக்காரம் இருக்கிறது என்றார் மு. "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்ற குறளே அச்சாணியைப் பற்றியதுதானே? இளக்காரம் இருந்தால் அந்தச் சொல்லை மதிப்போடு ஆண்டு ஆண்டு அதைப் போக்கலாம், ஒதுக்கிவைத்தால் அது அப்படியேதான் இருக்கும். சொல்லடைவில் 'எடுபிடி வண்டி: புழங்குவண்டி காண்க' என்று ஒரு வரியாவது சேர்க்க முடியுமா, மு.?

வ.